மலைப்பக்கம் ஓடியவன்

பந்து என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. அது வந்து சேர்வதற்கு முன்னால், இடது கையால் ஜெர்சிக் காலரைப் பிடித்து ஒரு இழு இழுத்தேன்.

மலைப்பக்கத்தில் சிக்கந்தர் கிளம்பினான்.

ராஜபாளையத்து மில் மைதானத்தில் இடது, வலது என்று யாரும் சொல்ல மாட்டோம். மேற்கே மலை தெரிகிற ஓரம் மலைப்பக்கம். கிழக்கே லாரி போகிற ஓரம் ரோட்டுப்பக்கம். பாதி ஆட்டத்தில் கோல் மாற்றினாலும் சிக்கந்தர் மலைப்பக்கம்தான் ஆடுவான். அவனுக்கு எந்தக் காலானாலும் ஒன்றுதான்.

சாயங்கால வெயில் மலைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் நின்றது. அவன் ஓடினால் புழுதி கிளம்பும். அந்தப் புழுதியில் வெயில் பட்டு, அவன் போன தடம் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நிற்கும். அன்றைக்கும் நின்றது. அவனுக்கும் கோல் போஸ்டுக்கும் நடுவில் ஒரே ஒரு ஆள். அந்த ஆளும் தப்பான பக்கம் திரும்பி நின்றான்.

பந்து என் காலுக்கு வந்தது. நான் அதைத் திருப்பி, பின்னால் நின்ற எங்கள் ஆளுக்கே கொடுத்தேன்.

ஒரே ஆட்டத்தில் இப்படி மூன்று முறை செய்தேன்.

நான் அச்சில் எழுதிய பொய்

பத்திரிகையில் நான் எழுதிவரும் இந்தத் தொடரில் சில வாரங்களுக்கு முன்னால் அதே ஆட்டத்தைப் பற்றி வேறு மாதிரி எழுதியிருந்தேன். சென்னையிலிருந்து ஆள் எடுக்க வந்திருந்தார்கள், நான் தேறினேன், என் கூட்டாளி தேறவில்லை என்று. 'சிக்கந்தர் அன்றைக்குத் தாமதமாக ஓடினான். இரண்டு நொடிதான். அந்த இரண்டு நொடியில் ஒரு நல்ல லெஃப்ட் அவுட் இந்த ஊரை விட்டுப் போகாமல் நின்றுவிட்டான்.' இதுதான் நான் எழுதிய வரி. இடது ஓரத்தில் ஓடுகிறவன்தான் லெஃப்ட் அவுட்.

நிறையப் பேருக்கு அது பிடித்துவிட்டது. சோழபுரத்திலிருந்து ஒரு வாசகர், படித்துவிட்டுக் கண் கலங்கியதாகக் கடிதம் போட்டிருந்தார். அதை மறுபடி படிக்க முடியாமல் மடித்து வைத்துவிட்டேன்.

ஏனென்றால் நான் எழுதியது பொய். சிக்கந்தர் தாமதமாக ஓடவில்லை. நான்தான் பந்தைக் கொடுக்கவில்லை.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். என் எழுத்தை நேராக்கி, பிழை திருத்தி, பத்திரிகைக்கு அனுப்பும்படி ஆக்குகிறவள் என் மனைவி மகேஸ்வரி. அந்த அத்தியாயத்தைப் படி எடுக்கும்போதே கேட்டாள்.

"ரெண்டு செகண்டுன்னு எப்படிங்க தெரியும்? வாட்ச் கட்டிட்டா வெளையாடுனீக?"

"ஒரு கணக்குதான்" என்றேன்.

பேனாவைக் காகிதத்தில் வைத்தபடியே என்னைப் பார்த்தாள். பிறகு எழுதினாள்.

சோழபுரத்துக் கடிதம் வந்த மறுநாள், காபி குடிக்கும்போது அவளிடம் உண்மையைச் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்தாள். "எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம்? சிக்கந்தர் அண்ணங்கிட்டச் சொல்லுங்க. பத்திரிகையில மாத்தி எழுதுறதுக்கு முந்தி நேர்ல போயிச் சொல்லுங்க" என்றாள்.

சத்தத்துக்குள் பேசிய கை

காலரை இழுத்தால் அவன் ஏன் ஓடுவான் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

படிப்பை விட்டதும் நூல் மில்லில் சேர்ந்தேன். நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றிவிட்டு வெறும் பாபின் மாட்டுகிற வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துப் போவேன். சிக்கந்தருக்கு ராஜபாளையமே ஊர். பஜாரில் அவன் அத்தா லுங்கிக் கடை வைத்திருந்தார். அப்பனும் மகனும் ஒரே கடையில் உட்கார்ந்தால் சண்டைதான் விற்கும் என்று அவனை மில்லுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு அடுத்த வரிசை மெஷின் அவனுக்கு.

மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் காதில் விழாது. அதனால் மில்லில் எல்லோரும் கையால்தான் பேசுவார்கள். கட்டைவிரலை வாய்க்குக் காட்டினால் தண்ணீர். இரண்டு விரலைச் சேர்த்துக் கத்தரி மாதிரி அசைத்தால் நூல் அறுந்துவிட்டது. காலரைப் பிடித்து இழுத்தால் சூப்பர்வைசர் வருகிறார் என்று அர்த்தம். அந்தப் பகுதியில் காலர் வைத்த சட்டை போட்டவர் அவர் ஒருவர்தான். காலரை இழுத்ததைக் கண்டால் எங்கே நின்றாலும் ஓடிப்போய் அவனவன் மெஷினில் நின்றுகொள்ள வேண்டும்.

மில் டீமில் நாங்கள் இருவரும் சேர்ந்தபோது அந்தச் சைகையையும் மைதானத்துக்குக் கொண்டுபோனோம். பேசி வைத்துக்கொண்டதில்லை. ஒருநாள் ஆட்டத்தில் என் கை தானாகக் காலருக்குப் போனது. அவன் ஓடினான். பந்தைப் போட்டேன். கோல். அவன் சிரித்துக்கொண்டே திரும்பி வந்து கேட்டான்.

"எங்கலே சூப்பர்வைசரு?"

அதற்குப் பிறகு நான் இழுத்து அவன் ஓடாத நாள் கிடையாது.

ஓடுகிறவனுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. கிளம்பிவிட்டால் கோலைப் பார்த்து ஓட வேண்டும். பின்னால் நான் பந்தை என்ன செய்கிறேன் என்று அவனுக்குத் தெரியாது. நான் போடுவேன் என்று நம்பித்தான் அவன் முதுகைக் காட்ட வேண்டும்.

திரும்பிப் பார்க்கிற பழக்கம்

நான் சின்ன வயதிலிருந்தே கவலைக்காரன். பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் சட்டைப் பையில் இருக்கிறதா என்று நிறுத்தத்துக்கு நிறுத்தம் தொட்டுப் பார்ப்பேன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை போனவன் திரும்பி வந்து பூட்டை ஆட்டிப் பார்ப்பேன். இப்போதும் அப்படித்தான்.

மைதானத்தில் அந்தக் குணம் எனக்கு உதவியது. நடுக்களத்தில் நிற்கிறவனுக்கு நாலு பக்கத்திலிருந்தும் ஆள் வருவான். மற்றவர்கள் பந்து வந்த பிறகு தலையைத் தூக்குவார்கள். நான் பந்து வருவதற்கு முன்னாலேயே வலது தோளுக்கு மேலே ஒரு பார்வை, இடது தோளுக்கு மேலே ஒரு பார்வை பார்த்துவிடுவேன். பின்னாலிருந்து யாராவது இடித்துத் தள்ளிவிடுவானோ என்ற பயம்தான் காரணம். பெரிய பெரிய கோச்சுகள் பின்னால் அதை ஒரு வித்தை என்றார்கள். நான் மறுத்துப் பேசவில்லை.

எங்கள் மில் கோச்சை ராஜு சார் என்போம். நல்ல மனிதர். கோபம் வந்தால் தெலுங்குக்குத் தாவிவிடுவார். ஒருநாள் என்னிடம் சொன்னார்: "நீ பின்னாடி பாத்தது போதும்டா. முன்னாடி என்ன இருக்குன்னும் செத்த பாரு."

ஒருத்தனைத்தான் எடுப்பார்கள்

சென்னையில் ஒரு கம்பெனி டீமுக்கு ஆள் பார்க்க வருகிறார்கள் என்று ராஜு சார்தான் வந்து சொன்னார். எடுத்தால் வேலையும் உண்டு, ஆட்டமும் உண்டு. பஞ்சுத் தூசி இருமல் இனி கிடையாது.

அதற்கு முந்தைய வருடமும் வந்திருந்தார்கள். அப்போது இந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒருவனை எடுத்துப் போனார்கள். அதை வைத்து, இந்த வருடமும் ஒருத்தனைத்தான் எடுப்பார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. நான் யாரிடமும் கேட்கவும் இல்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

அந்த ஒருத்தன் சிக்கந்தராகத்தான் இருப்பான் என்பதும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவன் ஓடுவதை ஒரு தடவை பார்த்தவன் என்னைப் பார்க்க மாட்டான்.

அவனுக்குக் கடை இருக்கிறது, எனக்கு என்ன இருக்கிறது என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தேன். வேண்டுமென்றே கொடுக்காமல் இருக்க வேண்டும் என்று திட்டம் போட்டுப் போகவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். முதல் தடவை காலரை இழுத்தது பழக்கத்தில். பந்து காலுக்கு வந்ததும்தான் பயம் வந்து, பின்னால் தட்டிவிட்டேன்.

இரண்டாவது தடவை இழுத்தபோது எனக்குத் தெரியும், நான் கொடுக்கப்போவதில்லை என்று. ஆனாலும் இழுத்தேன். இழுக்காவிட்டால் அவன் என்னடா என்று பார்ப்பான் அல்லவா?

மூன்றாவது தடவை அவன் கிளம்ப மாட்டான் என்று நினைத்தேன். கிளம்பினான். முதல் இரண்டு தடவையைவிட வேகமாக.

ஆட்டம் முடிந்து குழாயடியில் முகம் கழுவும்போது வந்தான்.

"ஏலே ரெங்கா, பந்து ஏம்லே வரல? மூணு தடவ ஓடுனேன்."

"நீ லேட்டுலே."

"லேட்டா?"

"நான் நிமிந்து பாக்கையில நீ அங்கன இல்ல. பொறவு போயி நிக்க. பொறவு எப்படிப் போடுவேன்?"

கையில் பிடித்த தண்ணீரை முகத்தில் அடிக்காமல் அப்படியே கீழே விட்டான்.

"எம்புட்டு லேட்டு?"

"ரெண்டு செகண்டு இருக்கும்."

"ச்சை!" என்றான். "வெயிலு கண்ணுல அடிச்சிச்சுலே. நீ காலரை இழுத்தது சட்டுன்னு தெரிஞ்சிருக்காது."

என் பொய்க்குக் காரணத்தை அவனே தேடிக் கொடுத்துவிட்டான். ஆனால் அவன் மலைப்பக்கம் நின்றவன். சாயங்கால வெயில் அவன் முதுகுக்குத்தான் அடிக்கும். கண் கூசியிருந்தால் எனக்குத்தான் கூசியிருக்க வேண்டும். அதை அவன் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன், வாயைத் திறக்கவில்லை.

என் பெயரை வாசித்தார்கள். எல்லோரும் முதுகில் தட்டினார்கள். சிக்கந்தர் என்னைத் தூக்கிச் சுற்றினான். ராஜு சார் மட்டும் கடைசியாக வந்து, மெதுவாக, "எந்துக்குரா?" என்றார். ஏன்டா என்று அர்த்தம். நான் புரியாதவன் மாதிரி நின்றேன். மறுபடி அவர் கேட்கவில்லை. இப்போது அவர் இல்லை.

காலர் இல்லாத ஜெர்சி

சென்னைக்குப் போன முதல் மாதம், என்னை எடுத்தவரோடு மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ரசம் ஊற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"உங்க ஊர்லேருந்து ரெண்டு பேரை எடுத்துக்கலாம்னுதான்ப்பா வந்தேன். அந்த லெஃப்ட் அவுட் பையனுக்கு வேகம் இருக்கு, டைமிங் இல்லை. உன்னைப் பிடிச்சிருந்தது. மூணு தடவை பந்தை அவசரப்பட்டு முன்னாடி தூக்கிப் போடாம, பத்திரமா வெச்சிருந்த பாரு."

பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவப் போனேன்.

அந்த மூன்று பாஸை வைத்துத்தான் என் பிழைப்பு. கம்பெனி டீமில் ஒன்பது வருடம், அப்புறம் மேற்குக் கடற்கரையில் ஒரு கிளப்பில் மூன்று சீசன் ஆடினேன். கணுக்காலில் ஊசி போட்டுக்கொண்டு மழையில் ஆடியதையெல்லாம் இந்தத் தொடரில் ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். ஒன்றை எழுதவில்லை. நான் எங்கே ஆடினாலும் என் பாஸ் பின்னால்தான் போனது. பத்திரமாக, அளவாக, எங்கள் ஆள் காலுக்கே போகும். கூட ஆடுகிறவர்கள் எனக்கு 'சேஃப்டி' என்று பெயர் வைத்தார்கள். "சேஃப்டிகிட்டக் குடு, தொலைக்க மாட்டான்."

கடற்கரைக் கிளப்பில் ஒரு ஆட்டம். முதல் பாதி முடிகிற நேரம். இடது ஓரத்தில் ஒரு மணிப்பூர்க்காரன் சிட்டாகக் கிளம்பினான். நான் கூப்பிடவே இல்லை. அவனாகத்தான் ஓடினான். என் இடது கை தானாக மேலே போனது. அந்த ஜெர்சியில் காலர் கிடையாது. விரல் வெறும் கழுத்தைத் தொட்டது. வியர்வை. அந்த ஒரு தொடலில் மில் மைதானம், புழுதி, வெயில் எல்லாம் வந்துவிட்டது. பந்தைப் பின்னால் தட்டினேன். மணிப்பூர்க்காரன் இரண்டு கையையும் விரித்து என்னைப் பார்த்தபடி நின்றான். ஐம்பது அடி தூரத்தில் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் பூட்ஸ் நாடாவைக் கட்டக் குனிந்துவிட்டேன். அது அவிழவே இல்லை.

இந்திய அணி முகாமுக்கு ஒரே ஒரு தடவை கூப்பிட்டார்கள். இரண்டு வாரத்தில் திருப்பி அனுப்பினார்கள். அங்கிருந்த கோச் என்னைப் பற்றிச் சொன்னதை ஒருவன் தமிழில் எனக்குச் சொன்னான்: "இவன் பந்தைத் தொலைக்க மாட்டான். யாருக்கும் எதையும் தரவும் மாட்டான்."

இதை ஒரு குறை என்று அவர் சொன்னார். என் வரலாறு அவருக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் எனக்குத் தோன்றியது.

பத்து நிமிடம் முந்திய கடிகாரம்

இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறேன். ஒரு மில்லில் ஸ்டோர்ஸ் வேலை. காலையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். சிக்கந்தர் அவன் அத்தா கடையைப் பெரிதாக்கிவிட்டான். லுங்கி, துண்டு, நைட்டி. இரண்டு பெண் பிள்ளைகளையும் கட்டிக் கொடுத்துவிட்டான். நன்றாகத்தான் இருக்கிறான். நான் எப்போது ராஜபாளையம் போனாலும் அவன் கடையில் ஒரு டீ குடிக்காமல் வந்தது இல்லை.

மகேஸ்வரி சொன்ன அந்த வாரமே கிளம்பிப் போனேன். சொல்ல வேண்டியதை பஸ்ஸில் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

கடையில் நுழைந்ததும், "வாலே எழுத்தாளரே!" என்றான். சுவரைக் காட்டினான். என் அத்தியாயத்தை லேமினேட் செய்து, கடிகாரத்துக்குக் கீழே மாட்டியிருந்தான். நான் எழுதியதில் அவனைப் பற்றிய பகுதி நேர் கண் உயரத்தில் இருந்தது.

கூமாப்பட்டியிலிருந்து வந்த ஒரு அம்மாள் நைட்டி பார்த்துக்கொண்டிருந்தார். "இவுகதான் அந்தப் பந்து வெளையாட்டுக்காரரா?" என்று கேட்டார்.

"ஆமாக்கா. நானும் போயிருக்க வேண்டியவன்தான். ரெண்டு செகண்டு லேட்டு. அதான் உங்களுக்கு நைட்டி விரிச்சுக் காட்டிட்டு இருக்கேன்."

"நல்லதாப் போச்சு. நீங்க டிவியில ஓடிட்டு இருந்தா எனக்கு யாரு கொறச்சுக் குடுப்பா?"

அவன் மனைவி மெகருன்னிசா துண்டுக் கட்டைப் பிரித்துக்கொண்டே சிரித்தார். "லேட்டு பாய்னு நாந்தாண்ணே இவியளுக்குப் பேரு வச்சேன். அந்த ரெண்டு செகண்டுல என்ன பயந்தாகளோ, அதுக்குப் பொறவு எங்க போனாலும் முந்திப் போயி நிக்காக. நிக்காஹ்வுக்கு ஒரு மணி நேரம் முந்தி வந்து உக்காந்துட்டாக. மாப்பிள்ளைக்கு எம்புட்டு அவசரம்னு ஊரே சிரிச்சுச்சு."

"பஜாரே பத்து மணிக்குத்தான் தெறக்கும். நாங்க எட்டுக்கே தெறந்துருவோம்" என்றான் சிக்கந்தர், பெருமையாக. "அந்தக் கடிகாரம் பாரு. பத்து நிமிசம் ஃபாஸ்டா வச்சிருக்கேன். இனிமே எதுலயும் லேட் ஆயிரக்கூடாதுல்லா?"

அந்தக் கடிகாரம் முந்தி ஓடுவது எனக்குத் தெரியும். பல வருடமாகப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

என்ன செய்வது என்று தெரியாமல் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன்.

"இப்ப ஓட முடியாதுலே, முட்டி வலிக்கு!" என்று கடையே அதிரச் சிரித்தான்.

டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் மகேஸ்வரி, "சொல்லிட்டீகளா?" என்றாள்.

"கடையில ஆள் இருந்துச்சு."

"ஆள் இல்லாத நேரமாப் பாத்துப் போங்க."

"அவன் மனசு கஷ்டப்படுவானேன்னு இருக்கு."

"அவிய கஷ்டப்படுவாகன்னு கவலையா, உங்களை ஏசுவாகன்னு கவலையா?"

நான் எழுந்து போய் கேஸ் அடுப்பு மூடியிருக்கிறதா என்று பார்த்தேன்.

"மூணு தடவ பாத்தாச்சு, அது மூடித்தான் இருக்கு" என்றாள் இருந்த இடத்திலிருந்தே.

நேரம் இருக்கிறது

அடுத்த வெள்ளிக்கிழமை போனேன். தொழுகைக்குப் போய்விட்டு வந்து கடையைத் திறந்திருந்தான். பஜாரில் ஆள் இல்லாத நேரம். என்னைக் கண்டதும் எதிர் டீக்கடைக்கு இரண்டு விரலைக் காட்டினான். யாரோ கலைத்துப் போட்ட லுங்கிகளை மடிக்க ஆரம்பித்தான்.

"சிக்கந்தர், நீ லேட்டு இல்ல."

"எதுக்குலே?"

"அன்னைக்கு. மில் கிரவுண்டுல."

அவன் மடித்துக்கொண்டே இருந்தான்.

"நான்தான் பந்தைப் போடல. தெரிஞ்சே போடல. நீ சரியாத்தான் ஓடுன."

கை நின்றது. லுங்கி பாதி மடிப்பில் நின்றது. அவன் என்னைப் பார்க்கவில்லை.

"எந்தத் தடவ?"

"மூணு தடவையும்."

"மூணாவது தடவ நான் கொஞ்சம்..."

"இல்ல. மூணாவது தடவையும் சரிதான்."

"நீ காலரை இழுத்தியேலே."

"இழுத்தேன்."

"இழுத்துட்டுப் போடலியா?"

டீ வந்தது. டீக்காரர் இரண்டு கிளாஸை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். சிக்கந்தர் கடைக்கு வெளியே, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி பேசினான்.

"நான் நின்னது மலைப்பக்கம். உன்னையப் பாக்கணும்னா கெழக்கே பாக்கணும். வெயிலு எம்முதுகுக்குல்லா இருந்திருக்கும்? அது எப்படி என் கண்ணுல அடிக்கும்?"

"அடிக்காது."

"இம்புட்டு வருசமா அதை யோசிக்கவே இல்ல பாரு."

பிறகு என் பக்கம் திரும்பினான். "ஏம்லே?"

"ஒருத்தனைத்தான் எடுப்பாகன்னு நானா நெனச்சுக்கிட்டேன். பயம்."

"பயமா?" என்றான். கோபப்படுவான் என்று காத்திருந்தேன். அவன் குரல் உயரவே இல்லை. "ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் ஓடியிருக்கவே மாட்டேன்லே. முட்டியில அடின்னு சொல்லி வெளிய உக்காந்திருப்பேன். உனக்குத்தான் வேலை வேணும்னு எனக்குத் தெரியாதா?"

ரெண்டு பேரை எடுக்கத்தான் வந்தார்கள் என்பதையும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் மறுபடி பாதி சொல்லிப் பாதி மறைக்க என்னால் ஆகவில்லை. அவன் பாதியில் நின்ற லுங்கியை மடித்து முடித்து, அடுக்கில் வைத்து, ஓரத்தைக் கையால் நீவினான். அது சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் நீவினான்.

அவன் டீயைத் தொடவில்லை. நான் எப்படித் தொடுவேன்?

தலையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தான். அதில் மூன்றே முக்கால்.

"உனக்கு நாலு மணி பஸ் இருக்கு. கெளம்பு."

"நேரம் இருக்குல்லா சிக்கந்தர்."

"இருக்கு" என்றான். "கெளம்பு."

ரோட்டில் இறங்கி நடந்தேன். டீக்கடையைத் தாண்டும்போது, என் பழக்கம், தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்தேன். அவன் ஸ்டூலில் ஏறி நின்றுகொண்டிருந்தான். முட்டி வலி என்று சொன்னவன். இரண்டு கையும் சுவரில் கடிகாரத்துக்குப் போயிருந்தது. நின்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. போன் அடிக்கவில்லை. அவனும் அடிக்கவில்லை.

போன வாரம் துண்டு வாங்க வேண்டும் என்று மகேஸ்வரி ராஜபாளையம் போனாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கிடைக்காத துண்டா என்று நான் கேட்கவில்லை. திரும்பி வந்து, செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே சொன்னாள்.

"ஒன்பது மணிக்குப் போயி செத்த நேரம் வாசல்ல நின்னேன். கடை பத்து மணிக்குத்தான் தெறக்காக இப்பல்லாம். கடிகாரம் சரியான நேரம் காட்டுது."

"என்னையக் கேட்டானா?"

"கேக்கல. மெகருன்னிசா டீ குடுத்தாக. அண்ணன் துண்டை மடிச்சுக் கட்டிக் குடுத்தாக. அம்புட்டுதான்."

நான் கேட்கப் பயந்ததை அவளே சொன்னாள்.

"நீங்க எழுதுன காகிதம் சுவத்துலதான் இருக்கு. ஒரு வரிய மட்டும் கறுப்பு மார்க்கரால அடிச்சிருக்காக."

"மேல எதும் எழுதியிருக்கானா?"

"இல்ல. அடிச்சதோட சரி."

அவன் அடித்த வரி எது என்று எனக்குத் தெரியும். அதை எழுதியவன் நான். அதற்குப் பதிலாக அங்கே இருக்க வேண்டிய வரியையும் நான்தான் எழுத வேண்டும். இதோ.

சிக்கந்தர் சரியான நேரத்தில் ஓடினான். மூன்று முறையும்.